தொழில்: ஓட்டுநர்

அத்தியாயம் 9

போன வாரம் வண்டியம்மாவையும் அவள் நாத்தனார் சிட்டுவையும் ஒரு கண்ணாடி லிஃப்டுக்குள் ஏற்றிவிட்டு நிறுத்தியிருந்தோம். லிஃப்ட் இப்போது ஒன்பதாவது மாடியில் நின்று கதவைத் திறந்திருக்கிறது.

இன்றைக்குத்தான் இந்தக் கதைக்குள் வருகிறவர்கள் இருந்தால், அவர்களுக்காக நாலு வரி. வண்டியம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அந்தப் பெயரை வைத்தது வேனில் போகும் பிள்ளைகள். இருபத்தொரு வருடமாக ஒரே சாலை, பதினொரு கிலோமீட்டர், காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. ஐம்பத்து மூன்று வயதில் திடீரென்று ஒருநாள், "நான் ஐரோப்பா போகப் போறேன்" என்றாள். வீடே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கணவருக்கு உயரம் என்றால் ஆகாது. ஏணியில் நாலாவது படிக்கு மேல் ஏறாத மனிதர், விமானத்தில் எங்கே ஏறப் போகிறார்? "நான் வரேன் அண்ணி" என்று முன்னால் வந்து நின்றவள் அவருடைய தங்கை சிட்டு. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. நாற்பத்தாறு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், வாய் மட்டும் நாலு பேருக்குச் சமம்.

விசாவுக்கான பேப்பர் வேலை முழுவதையும் மகன் எடுத்துக்கொண்டான். பெரிய கம்பெனியில் அதிகாரி. "நீங்க ரெண்டு பேரும் காட்டுற இடத்துல கையெழுத்து போடுங்க, போதும்" என்றான். போட்டார்கள். அந்தக் கையெழுத்தில்தான் இன்றைய வம்பு.

* * *

காலை நடையை முடித்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைப் பள்ளிக்கூட மைதானத்திலேயே நிறுத்திவிட்டு மகனின் காரில் வந்திருந்தாள் வண்டியம்மா. மூன்றரைக்கு மாலை நடை. அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

விசா விண்ணப்ப மையத்தின் வாசலில் காவலாளி ஃபோன்களை அணைக்கச் சொன்னார். "விண்ணப்பதாரர் மட்டும் உள்ள போகலாம். மத்தவங்க இங்கயே உக்காருங்க."

மகன் இரண்டு ஃபைல்களையும் நீட்டினான். "நீலம் அத்தைக்கு, பச்சை உனக்கு. மாத்திக் கொடுத்துடாதம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"ஏண்டா, நான் என்ன கேக்காததுக்கா பதில் சொல்லுவேன்?"

"அத்தையைச் சொன்னேன்" என்றான்.

"உனக்கு ஊசி போடுற நாள் வரும்டா, அப்ப பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு சிட்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே வரிசையாகக் கண்ணாடித் தடுப்பு வைத்த கவுண்டர்கள். தலைக்கு மேல் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. நாற்காலிகளில் இருந்த எல்லோருடைய மடியிலும் ஒரு ஃபைல். யாரும் யாரோடும் பேசவில்லை. பரீட்சை ஹாலில் மணியடிக்கும் முன் இருக்கிற அமைதி.

"நம்ம பாஸ்போர்ட்டை நீட்டினா அவ்வளவு சுலபமா விட்டுடுவாங்களா அண்ணி?" என்று சிட்டு கிசுகிசுத்தாள். "எங்க லேபுக்கு வர்ற டாக்டரையே ஒரு தடவை திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

"அந்த டாக்டர் எதுக்குப் போனார்?"

"சும்மா சுத்திப் பாக்கத்தான்."

"நான் சும்மா போகலையே" என்றாள் வண்டியம்மா.

முதலில் சிட்டுவின் எண் வந்தது. பத்தே நிமிடம். ஆஸ்பத்திரியின் விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, ஓட்டல் பதிவு, பயணக் காப்பீடு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. கைரேகை வைத்துவிட்டு, பரீட்சையில் முதலாவதாக வந்தவளைப் போலத் திரும்பினாள்.

அடுத்து பச்சை ஃபைல்.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூக்குக்கண்ணாடி. வேகமான விரல்கள். ஒவ்வொரு தாளாகப் புரட்டி டிக் போட்டுக்கொண்டே வந்தவள், வங்கிக் கணக்குத் தாளில் நின்றாள். படிவத்தைப் பார்த்தாள். மறுபடி வங்கித் தாளைப் பார்த்தாள்.

"மேடம், உங்க கணக்குல மாசாமாசம் ஒரு ஸ்கூல்லேர்ந்து பணம் வருதே, அது என்ன?"

"என் வேன் வாடகைம்மா. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன்ல."

"வேன் யாரோடது?"

"என்னோடதுதான்."

"ஓட்டுறது?"

"நான்தான்."

அந்தப் பெண் நிமிர்ந்து அவளை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள். பிறகு படிவத்தில் ஒரு கட்டத்தைப் பேனாவால் தொட்டாள். "ஆனா இங்க தொழில் எழுதுற இடத்துல 'இல்லத்தரசி'ன்னு இருக்கே. வருமானம் இல்ல, செலவு முழுக்க மகன் ஏத்துக்குறார்னு போட்டிருக்கு."

வண்டியம்மா குனிந்து பார்த்தாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். 'டிரைவர்' என்ற சொல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். லைசென்சில், இன்சூரன்சில், பள்ளிக்கூட அடையாள அட்டையில் என்று இருபத்தொரு வருடமாகப் பார்த்து வருகிற சொல். அந்தக் கட்டத்தில் அது இல்லை.

கீழே அவளுடைய கையெழுத்து இருந்தது.

"இது தப்பும்மா" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"எங்க வேலை பேப்பரை வாங்கி அனுப்புறது மட்டும்தான் மேடம். முடிவு தூதரகத்தோடது. இப்படியே கொடுத்தாலும் வாங்கிக்குவேன். ஆனா படிவம் ஒண்ணு சொல்லுது, பேங்க் ஒண்ணு சொல்லுது. அவங்க கண்ணுக்கு இது தப்பாது."

"மாத்திக் கொடுத்தா?"

"புதுப் படிவம் வேணும். புதுக் கடிதம் வேணும். உங்க தொழிலுக்கான ஆதாரம் வேணும். ஒரு மணிக்குக் கவுண்டரை மூடிடுவோம். அதுக்குள்ள வந்தா இன்னைக்கே. இல்லைன்னா அடுத்த காலியிடம்..." கம்ப்யூட்டரைத் தட்டினாள். "நாற்பது நாள் கழிச்சு."

பள்ளிக்கூட விடுமுறை இன்றிலிருந்து முப்பத்திரண்டாவது நாள் தொடங்குகிறது. அதை விட்டால் அடுத்த வருடம்தான். சுவரில் மணி பத்து ஐம்பது.

"ஒரு மணிக்குள்ள வரேன்" என்று பச்சை ஃபைலை எடுத்துக்கொண்டாள்.

* * *

வெளியே, தண்ணீர்க் குடுவை வைத்திருந்த மூலையிலிருந்து மகன் எழுந்து வந்தான். "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

வண்டியம்மா படிவத்தைத் திறந்து அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

மகனின் முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, அது ஒரு ஃபார்மாலிட்டி."

"இல்லத்தரசின்னு போட்டிருக்கே. அதுல கேவலம் ஒண்ணும் இல்லடா. ஆனா அது நான் இல்லையே."

"நான் சொல்றதைக் கேளு. அங்கெல்லாம் டிரைவருக்கு ஆள் கிடைக்காம தவிக்கிறாங்க. டிரைவர்னு போட்டா, இந்தம்மா போயிட்டு அங்கயே வேலைக்குச் சேர்ந்துடும், திரும்பி வராதுன்னு சந்தேகப்படுவாங்க. மகன் நல்ல வேலையில இருக்கான், அம்மா சுத்திப் பாக்கப் போறாங்கன்னா கேள்வியே வராது. உனக்கு விசா கிடைக்கணும்னுதாம்மா செஞ்சேன்."

நியாயம் மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் அவன் பேசும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்க் குடுவையைப் பார்த்துப் பேசினான்.

"அதுக்காக மட்டும்தானா?" என்று கேட்டாள்.

அவன் கார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேக்குறாங்கள்ல, சொல்லுடா" என்றாள் சிட்டு. எத்தனையோ பேரைக் கையை நீட்ட வைத்த குரல் அது.

"செலவை நான் ஏத்துக்குறேன்ங்கிற கடிதத்தோட கம்பெனிலேர்ந்து ஒரு சான்றிதழ் வைக்கணும். மேனேஜர் ஃபைலைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து போடுவார்." நிறுத்தினான். "அவர்கிட்ட, அம்மா ஸ்கூல் நிர்வாகத்துல இருந்தாங்க, இப்ப வீட்டுல இருக்காங்கன்னு எப்பவோ சொல்லி வச்சிருக்கேன்."

சிட்டு வாயைத் திறந்தாள். வண்டியம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது. அது அபூர்வம்.

கோபம் வரும் என்று வண்டியம்மா எதிர்பார்த்தாள். வந்தது கோபம் இல்லை. எதிரே லாரி வருகிறது என்று தெரிந்தவுடன் கைகால் தானாக நிதானத்துக்கு வருமே, அந்த நிதானம்.

"இப்ப மணி பதினொண்ணு. சண்டையை வீட்டுல போட்டுக்கலாம். கீழ ஜெராக்ஸ் கடை பார்த்தேன், கம்ப்யூட்டரும் இருந்துச்சு. வா. நீ டைப் பண்ணு, நான் சொல்றேன்."

"அம்மா, டிரைவர்னு போட்டு விசா கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா டிரைவருக்குக் கிடைக்கலைன்னு ஆகட்டும். இல்லாத ஒருத்திக்குக் கிடைச்சு, அதை வச்சுக்கிட்டு நான் போகணுமா?"

லிஃப்டில் இறங்கும்போதே வீட்டுக்கு ஃபோன் போட்டாள். "என்னங்க, பீரோவுல நடுத்தட்டு. வேனோட ஆர்.சி., இன்சூரன்ஸ், ஸ்கூல் ஒப்பந்தம், வரி கட்டின பேப்பர். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வாங்க."

"என்னாச்சு?"

"வந்தப்புறம் சொல்றேன். நடுத்தட்டு. கீழ்த்தட்டு இல்ல."

"கீழ்த்தட்டுல என்ன இருக்கு?"

"ஐயோ, கிளம்புங்க!"

* * *

ஜெராக்ஸ் கடை என்பது மாடிப்படிக்கு அடியில் சொருகியிருந்த ஒரு சின்ன அறை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு ஸ்டூல். வருகிறவர்களில் பாதிப் பேர் மேலேயிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போல. கடைக்காரர் கேட்காமலேயே, "படிவமா, கடிதமா, ஃபோட்டோவா?" என்றார்.

மகன் ஸ்டூலில் உட்கார்ந்தான். வண்டியம்மா அவன் பின்னால் நின்றாள். படிவம் விரைவாக முடிந்தது. அந்தக் கட்டம் வந்தபோது அவன் கை ஒரு நொடி நின்றது. பிறகு, 'ஓட்டுநர் மற்றும் வேன் உரிமையாளர்' என்று ஆங்கிலத்தில் அடித்தான். செலவு யாருடையது என்ற இடத்தில், விண்ணப்பதாரரே.

கடிதத்தில்தான் நேரம் பிடித்தது.

"எத்தனை வருஷம்னு போடட்டும்?"

"இருபத்தொண்ணு. இதுவரைக்கும் ஒரு விபத்து இல்லன்னும் போடு."

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா."

"கேக்காட்டியும் போடு. அவங்களுக்குத் தெரியட்டும்."

அடித்தான்.

"எதுக்குப் போறோம்னு எழுதணும். சுற்றுலான்னு போட்டுடவா?"

"சுற்றுலாதான். எதைப் பாக்கன்னு எழுது. ஆல்ப்ஸ் மலையில ஒரு ரோடு இருக்கு. நாற்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு. அதுல பஸ் போகுது. டிரைவருக்குப் பின்னாடி முதல் சீட்டுல உக்காந்து, அந்த ஆள் ஒவ்வொரு வளைவையும் எப்படி எடுக்குறார்னு நான் பாக்கணும்."

மகன் திரும்பி அவளைப் பார்த்தான். "இதுக்காகவா போறே? நான் ஏதோ பெரிய கோபுரம், படகு, மியூசியம்னு டூர் போட்டு வச்சிருக்கேன்."

"அதையும் பாக்குறேன், காசு கட்டியாச்சே. ஆனா இது அதுக்கு முன்னாடி."

"என்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே."

சிட்டு வாசலில் நின்று அண்ணன் வருகிறாரா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் பாரா. நீ ஏன் திரும்பி வருவேன்னு அவங்க நம்பணும். சொத்து, வீடு, குடும்பம் இதெல்லாம்தான் போடுவாங்க."

வண்டியம்மா யோசிக்கவே இல்லை. "ஸ்கூல் திறக்குற அன்னைக்குக் காலையில பதினெட்டுப் பிள்ளைங்க அவங்கவங்க வீட்டு வாசல்ல பையை மாட்டிக்கிட்டு நிப்பாங்க. முதல் ஆள் ஏழே முக்காலுக்கு. நான் வரலைன்னா நின்னுக்கிட்டே இருப்பாங்க. இதுவரைக்கும் ஒரு நாள்கூட அவங்களை நான் அப்படி நிறுத்தினதில்ல. அதனால வருவேன். இதை அப்படியே எழுது. அழகுபடுத்தாதே."

அவன் அடிக்கத் தொடங்கினான். பாதியில் நிறுத்திவிட்டான். திரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"எட்டாம் கிளாஸ்ல நான் நம்ம வேன்லதான் வந்தேன். புதுசா சேர்ந்த பசங்க இருந்தாங்க. அவங்க முன்னாடி உன்னை 'ஆன்ட்டி, வண்டியை நிறுத்துங்க'ன்னு கூப்பிட்டேன். ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்கு."

"அம்மான்னு கூப்பிடல. ஒரு வருஷம் முழுக்க. நீ ஒரு வார்த்தை சொல்லலையே, ஏன்?"

"வண்டி ஓட்டிட்டு இருந்தேன்டா" என்றாள். "ஓட்டும்போது திரும்பிப் பாக்கக் கூடாது."

அவன் தலை குனிந்தது. கடைக்காரர் பிரிண்டரில் தாள் போடுவதில் மும்முரமாகிவிட்டதைப்போலக் காட்டிக்கொண்டார்.

வண்டியம்மா மகனின் தோளில் கையை வைத்தாள். அழுவதற்கோ அணைப்பதற்கோ அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. "பிழை பார்த்து பிரிண்ட் போடு. மணி பன்னிரண்டு பத்து ஆயிடுச்சு."

* * *

பன்னிரண்டரை ஆனது. கணவரைக் காணோம். ஃபோன் போட்டால், "பக்கத்துல வந்துட்டேன்" என்றார். அந்தப் 'பக்கத்துல' எவ்வளவு தூரம் என்பது வண்டியம்மாவுக்குத் தெரியும்.

"மேல போய் வரிசையில நிப்போம். இருக்குறதைக் காட்டுவோம். அவர் வந்து சேரட்டும்" என்றாள். மூவரும் ஏறினார்கள். மறுபடி ஃபோனை அணைத்தார்கள். காவலாளியிடம் மகன் ஏதோ கெஞ்சிப் பேசினான். இந்த முறை அவனையும் உள்ளே விட்டார்.

மூக்குக்கண்ணாடிப் பெண் புதுப் படிவத்தைப் பார்த்தாள், தலையசைத்தாள். கடிதத்தை எடுத்தாள். மற்ற கடிதங்களைப் போலத் தேதியையும் கையெழுத்தையும் மட்டும் சரிபார்த்துவிட்டு வைத்துவிடுவாள் என்று நினைத்தால், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். கடைசிப் பாரா வரைக்கும் படித்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள் மெதுவாக. பிறகு தன் வேலை நினைவுக்கு வந்தவளாக, "தொழில் ஆதாரம்?"

"லைசென்ஸ் இருக்கு." கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "மீதி வந்துக்கிட்டே இருக்கு."

"ஆர்.சி.யும் ஸ்கூல் ஒப்பந்தமும் இல்லாம முடியாது மேடம். இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு."

பதினெட்டு பதினைந்தானது. பதினைந்து பத்தானது. மற்ற கவுண்டர்களில் ஒவ்வொன்றாகத் திரை இறங்கியது. சிட்டு நகத்தைக் கடித்தாள். ஆஸ்பத்திரிக்காரி, மற்றவர்கள் கடித்தால் திட்டுகிறவள்.

அப்போது வாசலில் ஒரு சலசலப்பு. காவலாளியின் குரல்: "சார், சார், முதல்ல உக்காருங்க, மூச்சு விடுங்க!"

வண்டியம்மாவின் கணவர் நின்றிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. ஒரு கையில் துணிப்பை. மற்றொரு கையின் அக்குளில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஏதோ ஒன்று. வாய் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை.

விஷயம் இதுதான். கீழே வந்து ஃபோன் போட்டிருக்கிறார். மூன்று ஃபோனும் அணைந்து கிடந்தன. லிஃப்டைப் பார்த்திருக்கிறார். நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே போகிறவர்கள் அந்தரத்தில் மிதந்துகொண்டு மேலே போகிறார்கள். ஒரே ஒரு நிமிடம்தான் பார்த்தாராம். மாடிப்படி எங்கே என்று கேட்டு ஏறத் தொடங்கிவிட்டார். ஒன்பது மாடி. அறுபது வயது.

"நடுத்தட்டு" என்று மட்டும் சொல்லிப் பையை நீட்டினார்.

ஆர்.சி. இருந்தது. இன்சூரன்ஸ் இருந்தது. ஒப்பந்தம் இருந்தது. வரி கட்டிய பேப்பர் இருந்தது. மகன் ஒவ்வொன்றாகக் கவுண்டருக்குக் கொடுக்கக் கொடுக்க, அந்தப் பெண் டிக் போட்டுக்கொண்டே போனாள்.

"இதையும் வச்சுக்கோம்மா" என்று கணவர் அக்குளில் இருந்ததை எடுத்துக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்.

வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த சான்றிதழ். இருபது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்காகப் போக்குவரத்துத் துறை கொடுத்தது. ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆணியும் சட்டத்தின் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், சட்டம் போட்டதெல்லாம் வாங்க முடியாது."

"கழட்டிட்டா?"

"கேட்ட பட்டியல்ல அது இல்ல சார்."

"பட்டியல்ல இல்லாதது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாமதானே சொல்லணும்?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிப்பை அடக்கத்தான். "கூடுதல் ஆதாரம்னு நகல் வைக்கலாம். ஆறு நிமிஷம் இருக்கு."

முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். எந்தப் பெட்டியையும் எதைக் கொண்டாவது திறந்துவிடுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சட்டத்தின் பின்பக்கத் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்த்தினார். சிட்டு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். மகன் தாளை உருவிக்கொண்டு நகல் எடுக்கும் மூலைக்கு ஓடினான். ஹாலில் மிச்சமிருந்த ஏழெட்டுப் பேரும் மடியிலிருந்த ஃபைலை மறந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நகல் கவுண்டரைச் சேர்ந்தபோது மணி ஒன்றுக்கு இரண்டு நிமிடம்.

"செலவு நீங்களே பண்றீங்க. அப்ப மகனோட கம்பெனி சான்றிதழ் தேவையில்ல" என்று அந்தத் தாளை மட்டும் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள் மூக்குக்கண்ணாடிப் பெண். "மேடம், உள்ள போய்க் கைரேகை வைங்க."

கைரேகை அறையில் பச்சை விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அவள் விரல்களுக்குக் கீழே தடித்துப் போயிருந்தது. அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினாள். ஒரே தடவையில் பத்து விரலும் பதிந்தன.

வெளியே வந்தபோது நடைபாதையின் திருப்பத்தில் மகனின் குரல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் இந்தப் பக்கமே நின்றாள்.

"அந்தச் சான்றிதழ் வேண்டாம் சார், நாளைக்குத் திருப்பிக் கொடுத்துடறேன். அதுல இருந்தது தப்பு. நான்தான் தப்பாச் சொன்னேன்... இல்ல சார், நிர்வாகத்துல இல்ல. எங்கம்மா ஓட்டுநர். ஸ்கூல் வேன், சொந்த வேன்... ரிட்டையர் ஆகல சார். இன்னைக்கு மூணரைக்குக்கூட நடை இருக்கு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சொல்வதைக் கேட்டான். "ஆமா சார். இருபத்தொரு வருஷம். ஒண்ணுகூட இல்ல சார். ஒரு கீறல்கூட இல்ல."

அந்தக் கடைசி வரியில் அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. தன்னுடைய மார்க்கைச் சொல்கிற பள்ளிப் பையனின் குரல் மாதிரி.

கீறல் இரண்டு இருந்தது. பள்ளிக்கூட கேட்டில் உரசியது. வண்டியம்மா அதைத் திருத்தப் போகவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை ஒற்றிக்கொண்டு, அவன் பேசி முடிக்கும் வரை அங்கேயே நின்றாள்.

"அண்ணி, லிஃப்ட் வந்தாச்சு!" என்று சிட்டு கத்தினாள்.

"நீங்க போங்க. நான் உங்க அண்ணன்கூடப் படியில இறங்கி வரேன்."

இறங்கும்போது ஆறாவது மாடியில் கணவர் நின்று மூச்சு வாங்கினார். "அவ்வளவு பேர் முன்னாடி சட்டத்தைக் கழட்டினேனே, உனக்கு மானம் போயிடுச்சா?"

"போகல" என்றாள். "வந்துச்சு."

அன்று மாலை மூன்று இருபத்தைந்துக்கே வேன் பள்ளிக்கூட வாசலில் நின்றது.

* * *

மூன்றாம் நாள் மாலை. நடை முடிந்து, கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, வேனுக்குள் சீட்டுக்கடியில் கிடந்த பென்சிலும் காகிதமும் பொறுக்கிக்கொண்டிருந்தாள் வண்டியம்மா. ஃபோன் அடித்தது. தெரியாத எண், ஒரு பெண்குரல்.

"வணக்கம் மேடம். தூதரகத்துலேர்ந்து பேசுறோம். உங்க விண்ணப்பம் பார்த்தோம். ஆபீசர் உங்களை நேர்ல பாக்கணும்னு சொல்றார். வர்ற செவ்வாய்க்கிழமை."

கையிலிருந்த பென்சில்கள் சீட்டில் விழுந்தன. "என்னை மட்டுமா? என் நாத்தனார்?"

"அவங்களோடதுல கேள்வி எதுவும் இல்ல. உங்களை மட்டும்தான். செவ்வாய், மதியம் மூணரைக்கு."

சிட்டுவுக்குக் கிடைத்துவிடும். தனக்கு மட்டும் கேள்வி. மகன் சொன்னதுதான் நடக்கிறதா? ஓட்டுநர் என்று போட்டதால்தானா? சரி என்று சொல்வதற்கு வாய் திறந்தாள்.

"மூணரைக்கு என்னால வர முடியாதும்மா. பிள்ளைங்களை விடுற நேரம். பத்து மணின்னா வருவேன், பன்னிரண்டுன்னாலும் வருவேன்."

சொன்ன பிறகுதான், சொன்னது தான்தான் என்று அவளுக்கு உறைத்தது.

இப்படி ஒரு பதிலை அந்தப் பெண் இதற்கு முன் கேட்டிருக்கவில்லை போலும். "மேடம், இது தூதரகம்" என்றாள், ஒருவேளை சரியாகக் காதில் விழவில்லையோ என்கிற மாதிரி.

"தெரியுதும்மா. அதனாலதான் ரெண்டு நேரம் சொன்னேன்."

"லைன்ல இருங்க."

ஏதோ ஒரு வாத்திய இசை ஒலித்தது. வண்டியம்மா ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முதுகு மட்டும், அங்கே உட்கார்ந்தவுடன் வழக்கம்போல் நிமிர்ந்துகொண்டது.

இசை நின்றது. இப்போது வந்தது வேறொரு குரல். ஆண்குரல், வயதான குரல். தெரியாத தெருவில் வீட்டு எண் பார்த்து நடக்கிறவரைப் போல, தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பேசியது.

"அந்த... நாற்பத்தெட்டு வளைவு... கடிதம். எழுதியது... நீங்கள்தானா? நீங்கள்... ஓட்டுநரா?"

வண்டியம்மா ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தாள்.

"ஆமாங்க. நான்தான். சொல்லுங்க."